மாமாவுக்கு ஒரு வாய்

நவம்பர் 4, செவ்வாய்

பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. எனக்கு என்ன கோபம் என்று எழுதச் சொல்லவில்லை. ஆனால் இது இருநூறு பக்க நோட்டு. என் பிள்ளைகள் சாப்பிடுவதை எழுத அரைப் பக்கம் போதும். மிச்சத்தை நான் என்ன செய்வது?

நறுமுகைக்கு ஐந்து வயது. சாப்பிடுவது: தயிர்சாதம், சர்க்கரை தொட்ட இட்லி, அப்பளம், ரஸ்க். சேந்தனுக்கு மூன்று வயது. சாப்பிடுவது: அக்கா சாப்பிடுவது. துப்புவது: அக்கா துப்புவது. வெள்ளையாக இல்லாத எதுவும் எங்கள் வீட்டில் தொண்டையைத் தாண்டுவதில்லை. தயிர்சாதத்தில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு கிடந்தால் நறுமுகை அதை இரண்டு விரலால் தூக்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் காட்டி, "இது யாரு போட்டது?" என்று விசாரிப்பாள். போட்டது நான்தான். வேறு யார் போடுவார்கள்?

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் ரத்தம் குறைவு. சேந்தனுக்கு ரொம்பவே குறைவு. டாக்டரம்மா அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிரப் எழுதித் தர்றேன். ஆனா மருந்து மட்டும் பத்தாதும்மா. கீரை, பயறு, முட்டை, பீட்ரூட் எல்லாம் உள்ள போகணும். அடுத்த மாசம் திரும்பப் பார்ப்போம். இப்படியே இருந்துச்சுன்னா மதுரைக்கு எழுதிக் கொடுத்துருவேன். பெட்ல சேர்த்து ஊசி வழியா ஏத்த வேண்டியிருக்கும்."

ஆட்டோவில் திரும்பும்போது சேந்தன் என் மடியில் தூங்கிவிட்டான். அவன் கை என் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதில் எங்கே ஊசி குத்துவார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

காய்களை ஒளித்துக் கொடுப்பது என்று முடிவு. சப்பாத்தி மாவில் பீட்ரூட்டை அரைத்து ஊற்றினேன். ரோஸ் நிறச் சப்பாத்தி. எனக்கே ஆசையாக இருந்தது.

நறுமுகை தட்டைப் பார்த்தாள். "சப்பாத்திக்கு என்னம்மா ஆச்சு? அடிபட்டுருச்சா?"

"அதிபத்துச்சு" என்று சேந்தன் அழ ஆரம்பித்தான். அடிபட்டதைச் சாப்பிடுவது பாவமாம். இருவரும் சப்பாத்தியைத் தடவிக் கொடுத்து, ஒரு துண்டைப் போர்த்தித் தூங்க வைத்தார்கள்.

சாயங்காலம் தோசை மாவில் முருங்கைக்கீரை கலந்தேன். கீரையை ஒவ்வொரு இலையாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டினாள். அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இன்னொரு சமையல் செய்திருப்பேன். கீரையும் சரியில்லைதான். தள்ளுவண்டியில் வாங்கியது, வதங்கிக் கிடந்தது.

"உழவர் சந்தையில பச்சுனு கிடக்குமே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் டயர் கடையில் வேலை பார்க்கிறார். டயரைத் தவிர எதைப் போட்டாலும் சாப்பிடுவார்.

உழவர் சந்தை நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் அங்கே போவதில்லை. கூட்டமாக இருக்கும், தரை வழுக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 7, வெள்ளி

ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டு தட்டையும் நானே காலி செய்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்று சாப்பிட்டார்கள்! பெரிய எழுத்தில் எழுத ஆசை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. டிவி போட்டுத்தான் நான் ஊட்டிப் பழக்கம். டிவி இல்லாமல் வேறு வழி தெரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு காம்பவுண்டு படியில் வந்து உட்கார்ந்து, ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதைச் சொன்னேன். "அப்பாவுக்கு ஒரு வாய்."

நறுமுகை யோசித்தாள். "அப்பாவுக்குப் பசிக்குமா?"

"பின்ன? டயர் தூக்கித் தூக்கி ரொம்பப் பசிக்கும்."

"நான் சாப்பிட்டா அப்பாவுக்கு வயிறு நிறையுமா?"

"நிறையும்" என்றேன். பிள்ளைக்குச் சோறு இறங்கும் என்றால் இதைவிடப் பெரிய பொய்யும் சொல்வேன்.

வாயைத் திறந்தாள். பீட்ரூட் சாதம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடமை போல மென்று விழுங்கினாள். சேந்தனும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அப்புறம் முன்வீட்டு ஜெபமாலை டீச்சருக்கு ஒரு வாய், ஹவுஸ் ஓனர் முத்தையா சாருக்கு ஒரு வாய், பால்காரருக்கு ஒரு வாய், பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு ஒரு வாய். தட்டு காலி. நான் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நிஜமாகவே காலி.

நவம்பர் 12, புதன்

முட்டையும் போயிற்று, பாசிப்பயறும் போயிற்று. ஆனால் ஒரு சிக்கல். யார் பேரில் சாப்பிட்டாளோ அவர்களுக்கு வயிறு நிறைந்ததா என்று நறுமுகை நேரில் போய் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

முத்தையா சார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார் தாத்தா, உங்களுக்காக முட்டை சாப்பிட்டேன். வயிறு நிறைஞ்சிருச்சா?"

பேப்பர் கீழே விழுந்தது. "முட்டையா? நான் சுத்த சைவம்மா!"

"முழு முட்டை" என்றாள் இவள் பெருமையாக.

அவர் உள்ளே போய் வாய் கொப்பளிக்கும் சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் அவர் பேரில் காரட் மட்டும் என்று பேசி முடித்தோம்.

நவம்பர் 14, வெள்ளி

ஜெபமாலை டீச்சர் இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்று தண்ணீர் பிடிக்கும்போது வெடித்துவிட்டார்.

"ஏன் பொற்கொடி, ஓனருக்குக் காரட்டு, பால்காரனுக்குப் பயறு. எனக்கு மட்டும் பாவக்காயா? முப்பது வருஷம் ஊருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவ நான்."

"டீச்சர், பாவக்காய் இறங்குறதே உங்க பேருக்குத்தான். மத்தவங்க பேருல குடுத்தா துப்பிடுறா."

"அப்ப துப்பட்டும்!"

பேர் எந்த இடத்தில் வருகிறது என்பதில் மனுஷர்களுக்கு எவ்வளவு ரோஷம்! வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் என்னையே பார்த்தார். "ஆமா, சிலருக்கு ரோஷம் ஜாஸ்திதான்" என்றார். டீச்சரைத்தான் சொன்னார்.

நாளையிலிருந்து டீச்சருக்குப் பீட்ரூட். பாவக்காயை கவுன்சிலர் பேருக்கு மாற்றிவிட்டேன். அவர் வந்து கேட்கப் போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என் வீட்டுக்காரர்.

நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவர் ஊட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் பேரெல்லாம் தீர்ந்துபோயிருக்கும் போல. திடீரென்று, "சௌந்தர் மாமாவுக்கு ஒரு வாய்" என்று கேட்டது. கையிலிருந்த வாளியை வைத்துவிட்டேன்.

சௌந்தரபாண்டி என் அண்ணன். கூடப் பிறந்தது அவர் ஒருத்தர்தான். ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம். தினமும் காலையில் உழவர் சந்தையில் கீரைக்கடை போடுகிறார். நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

நறுமுகையின் காதுகுத்து அன்றைக்கு நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒன்பது மணிக்கு நல்ல நேரம் முடிகிறது. அண்ணனைக் காணோம். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு வாட்சைப் பார்க்கிறார். மாமியார் வீட்டு ஆட்கள் என்னைப் பார்க்கிறார்கள். நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுது என்று ஆளாளுக்கு ஒரே பாட்டு. என் வீட்டுக்காரருடைய பெரியம்மா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று. கால் மணி நேரம் கழித்து அண்ணன் மேளத்தோடு, சீர்த் தட்டுகளோடு மண்டப வாசலில் வந்து நின்றார். பிள்ளை காதில் தோடு தொங்குகிறது.

"எனக்குக் காத்திருக்கத் தோணலைல? இனி எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல" என்றார். நான் "சரி" என்றேன். ஒரே ஒரு சரி. லேட்டாக வந்தது யார், நானா?

சேந்தனுக்கு இன்னும் காது குத்தவில்லை. நல்ல ஆசாரி அமையவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நறுமுகை அந்த வாயை உடனே விழுங்கவில்லை. "யாருப்பா அது சௌந்தர் மாமா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவோட அண்ணன் என்று இவர் சொல்லியிருக்கிறார். வாயில் இருந்ததை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

அவள் கணக்கு வேறு மாதிரி போயிருக்கிறது.

"அம்மா, மாமாவுக்குன்னு நான் இதுவரை ஒரு வாய்கூட சாப்பிடலைல?"

"இல்ல."

"அப்ப அஞ்சு வருஷமா மாமா பட்டினியா?"

அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்குகிறது. மாமா வந்து முதல் வாய் சாப்பிட வேண்டுமாம். அதுவரை இவள் சாப்பிட மாட்டாளாம்.

"சாப்பித மாத்தேன்" என்றான் சேந்தன்.

நவம்பர் 19, புதன்

என் கல்யாண ஆல்பத்தை எடுத்து அண்ணன் போட்டோவைக் காட்டினேன். பட்டுச் சட்டை, நிறைய முடி, என் பக்கத்தில் நின்று யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். பந்தியில் எனக்கு இலை போடவில்லை என்று போட்ட சத்தம் அது. ரொம்ப நேரம் பார்த்தாயிற்று. நறுமுகை அல்ல, நான்தான்.

"இதுல மாமாவுக்கு வயிறே இல்ல" என்றாள். ஆமாம், போட்டோ மார்போடு முடிந்துவிடுகிறது.

தயிர்சாதம் மட்டும், நாலு கரண்டி. கீரை, பயறு எதுவும் இல்லை. சிரப்பைச் சுவரில் துப்பினாள். சேந்தன் பக்கத்துச் சுவரில்.

நவம்பர் 22, சனி

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். இனிமேல் அவரை யோசிக்க விடக்கூடாது.

கடையில் கூட வேலை பார்க்கும் காசிமாயனை மாமாவாக அழைத்து வந்துவிட்டார். இவருடைய இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகம் முழுக்க மீசை. உள்ளே வந்ததும், "மருமகளே!" என்று ஒரு குரல் கொடுத்தார். சேந்தன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

நறுமுகை அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். வயிறு இருக்கிறது. அதில் குறையே சொல்ல முடியாது.

"நீங்க எங்க அம்மாவோட அண்ணனா?"

"ஆமா தாயி. சொந்த அண்ணன்."

இலை போட்டேன். நறுமுகை கீரையைப் பிசைந்து உருட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது காசிமாயனுக்கு விக்கல் வந்தது. "மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

உருண்டை பாதியில் நின்றது. "தங்கச்சிய யாராவது மதினின்னு கூப்பிடுவாங்களா?"

காசிமாயன் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்தார்.

நறுமுகை உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். காசிமாயன் மட்டும் மூன்று தடவை கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு ரத்தம் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

சேந்தன் மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டான். "கால் வலிக்குதும்மா" என்றான். முன்பெல்லாம் அவன் இறங்குவதே உருண்டுதான்.

உதடு வெளிறியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிப்பாக எழுத இன்றைக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 26, புதன்

உழவர் சந்தை வரைக்கும் போனேன். கீரை வாங்கத்தான். கேட்டிலேயே நின்று பார்த்தேன். மழை வரும் போல இருந்தது, திரும்பிவிட்டேன்.

மழை வரவில்லை.

நவம்பர் 27, வியாழன்

காலையில் எழுந்து முருங்கைக்கீரை பொரியல் செய்து சாதத்தில் பிசைந்து டப்பாவில் அடைத்தேன். பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். "எங்கம்மா போறோம்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நான் திரும்பிவிட முடியாது. கடைசி வரைக்கும் திரும்புவதற்கு ஒரு வழி வைத்துக்கொள்வது என் சுபாவம்.

அண்ணன் கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. நாலு வருஷத்தில் இவ்வளவா?

"என்ன வேணும்மா?" என்று நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி குனிந்து தண்ணீர் தெளித்தார், ஏற்கனவே நனைந்திருந்த கட்டுக்கே.

"முருங்கைக்கீரை இருக்கா?"

"கண்ணு முன்னாடிதான இருக்கு."

"நல்லா இருக்குமா?"

"வேணும்னா எடு. வேணாட்டி வச்சிட்டுப் போ."

கூடப் பிறந்த இரண்டு பேர் பேசுகிற லட்சணம் இது. அதற்குள் நறுமுகை போட்டோவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு, என் கையை உதறிவிட்டுக் கடைக்கு உள்பக்கம் போய்விட்டாள்.

"நீங்கதான் சௌந்தர் மாமாவா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

"ஆமாத்தா."

"எங்க அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" ஒரு தடவை ஏமாந்தவள் இல்லையா, உஷாராகிவிட்டாள்.

"கொடிக்குட்டின்னு" என்றார் மெதுவாக. அந்தப் பேரைச் சொல்ல உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

நறுமுகைக்குத் திருப்தி. டப்பாவைத் திறந்தாள். "மாமா, உங்களுக்குப் பசிக்கும்ல? அஞ்சு வருஷமா யாருமே உங்களுக்குச் சாப்பாடு போடல. ஆ காட்டுங்க."

அண்ணன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் கோணியது. ஊருக்கே கீரை விற்கும் இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒரு இலையை வாயில் வைத்ததில்லை. எங்கள் அம்மா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள்.

"மாமாவுக்குக் கீரை ஆகாதுத்தா."

"எனக்கும்தான் ஆகாது. கண்ணை மூடிக்கணும். யாருக்காவது சாப்பிட்டா உள்ள போயிரும்." உருண்டையை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "இது எங்க அம்மாவுக்கு ஒரு வாய்."

பக்கத்துத் தக்காளிக் கடைக்காரம்மா கூவுவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்று அண்ணன் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். சந்தைக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் விழுங்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது, எனக்குக் கீரையால் இல்லை.

"உப்பு கம்மி" என்றார் என்னிடம்.

"பிள்ளைகளுக்குன்னு பண்ணேண்ணே. நீ வீட்டுக்கு வா, உனக்குச் சரியாப் போடுறேன்."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து சேந்தனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நறுமுகை, "இப்ப மாமாவுக்கு ஒரு வாய்" என்று தானே எடுத்துச் சாப்பிட்டாள். சேந்தன் வாயைத் திறந்தான். அண்ணன் ஊட்டினார். ஊட்டும்போது அவன் காதைத் தடவிப் பார்த்தார்.

"இவனுக்கு இன்னுமா குத்தல? மூணு வயசாச்சே."

"எந்த மடியில உக்கார வச்சுக் குத்துறது?" என்றேன். சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒரு அம்மா வந்து அரைக்கீரை கட்டு என்ன விலை என்று கேட்டார்.

"சத்த இருங்கம்மா" என்றார் அண்ணன். "பிள்ளை சாப்பிட்டுக்கிட்டிருக்கான்."

டிசம்பர் 4, வியாழன்

இருவருக்கும் ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மதுரைக்குப் போக வேண்டாம். இதே மாதிரி போகட்டும் என்றார் டாக்டரம்மா. அப்புறம் இந்த நோட்டைப் புரட்டினார்.

"என்னம்மா இது, ஒரே ஆளுங்க பேரா இருக்கு? சாப்பாடு எங்க?"

"உள்ளதான் இருக்கு டாக்டர்" என்றேன். முத்தையா சார் வாய் கொப்பளித்த பக்கத்தில் நின்று படித்துச் சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும் வரை சிரித்தார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். உப்பு சரி என்றார். சேந்தன் காதுகுத்துக்குத் தை மாதத்தில் நாள் பார்த்தாயிற்று. ஒன்பது மணி முகூர்த்தம். "விடியறதுக்கு முன்னாடி மண்டபத்துல நிப்பேன், பாரு" என்று என் வீட்டுக்காரரிடம் மார்தட்டிவிட்டுப் போனார்.

என் அண்ணனை எனக்குத் தெரியாதா? பத்திரிகையில் அவருக்கு மட்டும் ஆறு மணி என்று போட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அப்படியும் ஒன்பதுக்கு வந்து சேரவில்லை என்றால் ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு காப்பி குடிக்கட்டும். நான் சேந்தனோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். நல்ல நேரம் போகுது என்று யாராவது சொன்னால், போகட்டும், எங்க அண்ணன் வரட்டும் என்று சொல்லிவிடுவேன்.